ஸ்கார்ஃப் அணியப்போகும் புது ஆசிரியர்களுக்கு

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், வண்டலூர் பக்கத்துப் பள்ளிகளில் ஜூன் பிறந்தால் தலைமையாசிரியர் யாரோ ஓர் இளம் ஆசிரியரைக் கூப்பிடுவார். “இந்த வருஷம் ஸ்கௌட்டை நீங்க பாத்துக்குங்க” என்பார். அப்படிப் பொறுப்புக்கு வந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். சாரண ஆசிரியரின் வேலையில் முக்கால்வாசி, பிள்ளைகளிடம் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுக் கூப்பிடு தூரத்தில் நிற்பது. சீருடை, சடங்கு, விதி எல்லாமே அதற்குத் துணையாக வந்தவை.

1. முதலில் உங்களுக்குச் சீருடை தைத்துக்கொள்ளுங்கள். சாம்பல் நிறச் சட்டை, கருநீலக் கால்சட்டை, தொப்பி, குழுவின் ஸ்கார்ஃப். பிள்ளைகளை இஸ்திரி போட்டு வரச் சொல்லிவிட்டு ஆசிரியர் டி-ஷர்ட்டில் வந்து விசில் ஊதினால், அந்தப் படையில் சீருடைக்கு மரியாதை இருக்காது. சாரண விதிகள் ஒன்பதும் ஆறாம் வகுப்புப் பையனுக்கும் உங்களுக்கும் பொது. ஸ்கார்ஃபும் பொது. இடப் பையில் இயக்கத்தின் உறுப்பினர் சின்னம், வலப் பையில் உலகச் சின்னம். தேறாத பயிற்சிக்கான சின்னத்தைச் சட்டையில் குத்திக்கொள்ளாதீர்கள். பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

2. சீருடை வாங்க வழியில்லாத பிள்ளை எல்லாப் படையிலும் உண்டு. அறை மூலையில் ஒரு டிரங்குப் பெட்டி வையுங்கள். வளர்ந்துவிட்ட அண்ணன், அக்காக்களின் சட்டைகளை வாங்கித் துவைத்து, பொத்தான் தைத்து அதில் மடித்து வையுங்கள். கொடுக்கும்போது வரிசையில் நிற்க வைத்துக் கொடுக்கக் கூடாது. சாயங்காலம் அம்மாவோ அப்பாவோ கூட்டிப்போக வரும்போது ஒரு பையில் போட்டுக் கொடுத்தால் போதும். ஸ்கார்ஃபை மட்டும் குழுச் செலவிலேயே எல்லாருக்கும் கொடுத்துவிடுங்கள். வீட்டு வசதி அதில் தெரியக் கூடாது.

3. ஸ்கார்ஃபைச் சுருட்டவும் சொல்லிக்கொடுக்க வேண்டும். நீண்ட விளிம்பிலிருந்து முனையை நோக்கி இறுக்கமாகச் சுருட்டி, முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு முக்கோணம் தெரியும்படி விட்டு, முன்னால் வாகிள் என்ற வளையத்தை ஏற்ற வேண்டும். பிறகு அதே ஸ்கார்ஃபை அவிழ்த்து ஒரு பையனின் கைக்குத் தூளி கட்டிக் காட்டுங்கள். முடிச்சு ரீஃப் நாட்டாக இருக்கட்டும். தட்டையாகப் படிவதால் கழுத்தில் உறுத்தாது. உலகச் சின்னத்தைச் சுற்றியிருக்கும் கயிற்றின் அடியில் இருப்பதும் அந்த முடிச்சுதான் என்று அப்போது சொன்னால் பிள்ளைகளுக்கு மறக்காது.

4. அணி பிரிக்கும்போது ஒரே தெரு, ஒரே பஸ், ஒரே வகுப்புப் பிள்ளைகளை ஒன்றாகப் போடாதீர்கள். 1907 ஆகஸ்டில் பிரவுன்சீ தீவில் பேடன் பவல் நடத்திய முதல் முகாமிலேயே வசதியான பள்ளி மாணவர்களையும் தொழிலாளர் வீட்டுப் பையன்களையும் கலந்துதான் நான்கு அணிகள் அமைத்தார். அதே இயக்கம் 1909-ல் பெங்களூருக்கு வந்தபோது வெள்ளைக்காரர், ஆங்கிலோ இந்தியர் வீட்டுப் பையன்களுக்கு மட்டும் கதவு திறந்தது. இந்தியப் பிள்ளைகளுக்கு இடமில்லை. அந்தக் குறை தீர, முதல் உலகப் போர்க் காலத்தில் நம் சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையாரும் ஜார்ஜ் அருண்டேலும் இந்தியச் சிறுவர் சாரணர் சங்கத்தைத் தொடங்கினார்கள். அந்தப் பிள்ளைகள் தொப்பிக்குப் பதில் தலைப்பாகை கட்டி, நம் நாட்டுப் பாடல்களைப் பாடினார்கள். தனித்தனியாக இருந்த அமைப்புகள் 1950 நவம்பர் 7-ல் பாரத சாரணர் இயக்கமாக ஒன்றாயின. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 15-ல் சாரணியரும் வந்து சேர்ந்தார்கள். நம் ஊரில் ஒருவரை ஒதுக்கக் கூடாது என்பதற்காகவே வேர்விட்ட இயக்கத்தில், சாதி பார்த்துத் தட்டை மாற்றி வைக்கும் பழக்கம் முகாமுக்குள் நுழைந்தால் அன்றைக்கே, அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

5. உறுதிமொழி ஏற்பு விழாவைச் சுருக்கமாக, பெற்றோர் முன்னிலையில் நடத்துங்கள். மூன்று விரல் எதற்கு, இடது கை குலுக்கல் எதற்கு என்பதை முந்தின வாரமே சொல்லிவிடுங்கள். கடவுள் என்ற சொல்லுக்குப் பதிலாகத் தர்மம் என்று சொல்ல இயக்கத்தின் விதியே இடம் தருகிறது. பகுத்தறிவுக் குடும்பத்துப் பிள்ளை கேட்டால் தயங்காமல் அனுமதியுங்கள். புதுப் பையனை முட்டி போடவைப்பது, ராத்திரியில் பயமுறுத்துவது போன்ற ‘வரவேற்பு’களுக்குச் சாரணத்தில் இடம் இல்லை.

6. அணித் தலைவரை நம்புங்கள். ஆறு முதல் எட்டுப் பேர் ஓர் அணி. பெயரை அவர்களே வைக்கட்டும். நன்மங்கலம் காப்புக்காட்டில் கொம்பன் ஆந்தை இருக்கிறது என்று சொல்லிப் பாருங்கள், அந்தப் பெயருக்கே போட்டி வரும். மாதம் ஒருமுறை அணித் தலைவர்கள் கூடும் மான மன்றத்தில் நீங்கள் ஓரமாக உட்காருங்கள். முகாமில் என்ன சமைப்பது, யார் விறகு, யார் தண்ணீர், தாமதமாக வந்தவனை என்ன செய்வது எல்லாம் அவர்கள் பேசி முடிக்கட்டும். உங்களுக்குக் கை பரபரக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். காலைக் கொடிக்கு முந்தின சாயங்காலம் கொடியை மடித்து முடிச்சிடுவதும் அவர்கள் வேலை. காலையில் கயிற்றை இழுத்தும் முடிச்சு அவிழவில்லை என்றால், இறக்கி மறுபடி கட்டும்வரை எல்லாரும் நிற்கலாம். நீங்கள் பாய்ந்துபோய்க் கயிற்றைப் பிடுங்கினால் பதின்மூன்று வயது அணித் தலைவன் தன் அணியின் முன்னால் சிறுத்துப்போவான். உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்றால் மட்டும் உங்கள் குரல் முதலில் வரட்டும்.

7. யாரோ பிரமுகர் வருகிறார் என்று சீருடைப் பிள்ளைகளை மணிக்கணக்கில் வெயிலில் நிறுத்தக் கேட்பார்கள். பணிவாக மறுத்துவிடுங்கள்.

8. சேவை வேறு. 2015 டிசம்பர் தொடக்கத்தில் ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டி, அடையாறு முடிச்சூர், வரதராஜபுரம் வீடுகளுக்குள் புகுந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கூடத்தில் பொட்டலம் கட்டும் வேலை, முதியவர்களின் மாத்திரைச் சீட்டைப் பட்டியல் எடுக்கும் வேலை கொடுங்கள். ஓடும் தண்ணீரில் பதினெட்டு வயது நிரம்பாத யாரையும் இறக்கக் கூடாது. அக்டோபர் முதல் டிசம்பர்வரை திறந்தவெளி முகாமே வேண்டாம். ஜனவரி, பிப்ரவரிதான் நம் பக்கத்துக்கு ஏற்ற காலம். 2025-ல் மணப்பாறையில் நடந்த வைரவிழாப் பெருந்திரளணியும் ஜனவரி கடைசியில்தான் தொடங்கியது.

9. இதை ஒரு வரி விடாமல் படியுங்கள். எந்தப் பிள்ளையுடனும் மூடிய அறையில், கூடாரத்தில், வண்டியில் தனியாக இருக்காதீர்கள். எந்த நிகழ்ச்சியிலும் குறைந்தது இரண்டு பெரியவர்கள். சாரணியர் வந்தால் கட்டாயம் ஓர் ஆசிரியை. பெரியவர்கள் தூங்கும் கூடாரம் தனி. பிள்ளைகளோடு தனி வாட்ஸ்அப் உரையாடல் கூடாது. எந்தச் செய்தியும் பெற்றோர் இருக்கும் குழுவில் போகட்டும். ஒரு பிள்ளை தனக்கு நடந்ததைச் சொன்னால், இடைமறிக்காமல் கேளுங்கள், நம்புங்கள். பள்ளியின் பெயர் கெடும் என்று யாராவது தடுத்தாலும், காவல் துறைக்குத் தெரிவிப்பது 2012-ன் போக்சோ சட்டப்படி உங்கள் கடமை. மறைத்தால் தண்டனை உண்டு. 1098 என்ற எண்ணைப் பிள்ளைகள் எல்லாரும் மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் சாரணர் அமைப்பு 2020-ல் திவால் மனு போட்டது. சிறு வயதில் சாரணத் தலைவர்களால் பாலியல் கொடுமைக்கு ஆளானோம் என்று முறையிட்டவர்கள் 80,000-க்கும் மேல். பெரியவர்களின் நல்ல பெயரைக் காப்பாற்றப் பல பத்தாண்டுகள் மௌனம் காத்ததற்கு அந்தப் பிள்ளைகள் கொடுத்த விலை அது. நம் படையில் அந்த மௌனத்துக்கு இடம் தராதீர்கள்.

10. ரயில்வே குடும்பங்கள் நிறைந்த ஊர் நம்முடையது. சாரணர் ஒதுக்கீட்டில் ரயில்வே வேலை உண்டு என்பது பெற்றோருக்குத் தெரியும். சேரும் நாளிலேயே ராஷ்டிரபதி விருது எப்போது என்று கேட்பார்கள். கேட்பதில் தப்பில்லை. ஆனால் பிரவேஷ், பிரதம சோபான் என்று ஒவ்வொரு படியையும் பிள்ளை செய்து காட்டித்தான் ஏற வேண்டும். செய்யாத முடிச்சுக்கும் போகாத நடைப்பயணத்துக்கும் பதிவேட்டில் கையெழுத்துப் போடாதீர்கள்.

11. அடிப்படைப் பயிற்சி முகாமுக்கு இந்த ஆண்டே போய்விடுங்கள். பிறகு முன்னேற்றப் பயிற்சி, அதன்பின் ஹிமாலய வுட் பேட்ஜ். போகும்போது உங்கள் பள்ளியிலிருந்து இன்னொருவரையும் அழைத்துப் போங்கள். உங்களுக்கு மாற்றல் உத்தரவு வந்தால் டிரங்குப் பெட்டிச் சாவியையும் பதிவேட்டையும் அவரிடம் கொடுத்துவிட்டுப் போகலாம்.