தொலைந்த சீட்டு

என் பாட்டிக்கு இடுப்பு மூட்டு மாற்று அறுவை நடந்தபோது, பொருத்திய மூட்டின் பெயரும் எண்ணும் கொண்ட சிறு சீட்டு ஒன்றைத் தந்தார்கள். அதைத் தொலைத்துவிட்டோம். புள்ளியியல் பயிலத் தொடங்கிய பின்னரே அச்சீட்டின் அருமை எனக்குப் புரிந்தது.

ஒரு மருத்துவர் பொருத்தும் மூட்டுகளில் இரண்டொன்று பழுதானால் அதைத் தற்செயல் என்றே கொள்வார். மறு அறுவைக்கு நோயாளி வேறிடம் போய்விட்டால் அதுவும் தெரியாது. நாடு முழுவதும் ஒரே ஏட்டில் பதிந்தால்தான் உண்மை புலப்படும். சுவீடன் 1975இல் முழங்காலுக்கும் 1979இல் இடுப்புக்கும் அத்தகைய பதிவேடு தொடங்கியது. எந்த மூட்டு, எந்த நாள், மறு அறுவை எப்போது என்பவையே அதன் உயிர். இறந்தவர்களையும் குறிக்க வேண்டும். இல்லையேல் அவர்களுடைய மூட்டு இன்னும் பழுதின்றி உழைப்பதாக ஏடு பொய் சொல்லும்!

உலோகத்தின்மேல் உலோகம் உராயும் ஏ.எஸ்.ஆர். என்னும் இடுப்பு மூட்டு மிகுதியாக மறு அறுவைக்கு வருவதை ஆஸ்திரேலியப் பதிவேடு 2007இலேயே காட்டியது. உலகெங்கும் அது திரும்பப் பெறப்பட்டதோ 2010 ஆகஸ்டில். அதற்குள் ஏறத்தாழ 93,000 மூட்டுகள் பொருத்தப்பட்டுவிட்டன.

இப்போது பாட்டிக்கு மீண்டும் இடுப்பு வலி. என்ன மூட்டு வைத்தார்கள் என்று மருத்துவர் கேட்கிறார். மருத்துவமனையில் பழைய ஏடுகள் இல்லையாம். நாங்கள் பீரோவைக் குடைந்துகொண்டிருக்கிறோம்.