நோன்பு வைக்கிற பிள்ளைக்கு ஸ்கூலில் தடுமாற்றமா? ராத்தாவின் 6 டிப்ஸ்

தங்கச்சிகளா, சஹருக்குத் தானாக எழுந்து உட்காரும் பிள்ளை, ஸ்கூலில் லஞ்ச் பெல் அடித்ததும் தடுமாறுகிறதா? "தண்ணி கூடவா குடிக்கக் கூடாது?", "ஒரு வாய் சாப்பிடு, உங்கம்மாவுக்கா தெரியப் போகுது?" என்று நாலு பேர் சுற்றி நின்று கேட்டால் பெரியவர்களுக்கே சங்கடம்தான். பெரும்பாலும் இதற்குக் காரணம் ஈமான் குறைவு இல்லை. சட்டென்று சொல்ல ஒரு பதில் இல்லை, பக்கத்தில் நிற்க ஓர் ஆள் இல்லை. அந்த இரண்டையும் நாம் கொடுக்கலாம்.

1. பதிலை வீட்டிலேயே பழக்குங்க
நீங்க சினேகிதன் மாதிரி கேலியாகக் கேளுங்க, பிள்ளை பதில் சொல்லட்டும். "நோன்புடா. மக்ரிபுக்கு அப்புறம் வாங்கிக் கொடு, வேணாம்னா சொல்லப் போறேன்?" இப்படிச் சிரித்துக்கொண்டே ஒரு வரி போதும். கேலிக்கு நீட்டி விளக்கினால் கேலிதான் நீளும். தெரிஞ்சுக்கக் கேட்கிறவங்களுக்கு மட்டும் நிதானமாக விளக்கச் சொல்லுங்க.

2. சலுகையையும் சொல்லிக் கொடுங்க
பருவம் அடையாத பிள்ளைக்கு நோன்பு கடமை இல்லை. அரை நாள் வைத்துப் பழகினாலே போதும். காய்ச்சல் என்றால் விட்டுவிட்டு, அப்புறம் களா செய்யலாம். மறதியாகச் சாப்பிட்டால் நோன்பு முறியாது. மாதவிடாய் நாளில் பெண் பிள்ளைக்கு நோன்பு கிடையாது. "ஏன் இன்னிக்கு மட்டும் சாப்பிடறே?" என்று யாராவது துருவினால், "உடம்பு சரியில்லை, அப்புறம் வைப்பேன்" என்று சொன்னால் போதும். அதற்கு மேல் யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை.

3. டீச்சரிடம் முன்கூட்டியே பேசுங்க
ரமலான் வருஷா வருஷம் 10, 11 நாள் முன்னால் நகரும். 2025-ல் நம்ம ஊரில் மார்ச் 2 முதல் நோன்பு, மறுநாளே ப்ளஸ் டூ பொதுத்தேர்வு. அதனால் காலண்டரைப் பார்த்து முதல் நோன்புக்கு முன்னாடியே கிளாஸ் டீச்சரைப் பாருங்க. பி.டி. பீரியடில் ஓட வைக்காமல் உட்கார வைக்கவும், லஞ்ச் நேரத்தில் லைப்ரரியில் இருக்க விடவும் கேளுங்க. ஜும்ஆவுக்குப் போகிற பையன் என்றால் வெள்ளிக்கிழமை மதிய நேரத்தையும் சேர்த்துப் பேசிடுங்க.

4. ஒரு துணையைத் தேடிக் கொடுங்க
மஹல்லாவில் அதே ஸ்கூலில் படிக்கிற பிள்ளை இருந்தால் இரண்டு பேரையும் சேர்த்து விடுங்க. துணை முஸ்லிம் பிள்ளையாகத்தான் இருக்கணும் என்றில்லை. கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டு, செருப்பில்லாமல் வருகிற பையனும், தவக்காலத்தில் கறி ஒதுக்குகிற கிறிஸ்தவப் பிள்ளையும் இதே கேள்விகளைக் கேட்டு அலுத்தவர்கள்தான். அவர்கள் விரதத்தை நம்ம பிள்ளை ஒருநாளும் கிண்டல் செய்யக் கூடாது. அந்த மரியாதை திரும்பி வரும்.

5. விலகாமல் பழகக் கற்றுக் கொடுங்க
பர்த்டே பார்ட்டிக்கு அனுப்புங்க, எதைப் பார்த்துச் சாப்பிடணும் என்று சொல்லி அனுப்புங்க. ஜெல்லி மிட்டாய், மார்ஷ்மல்லோவில் ஜெலட்டின் இருக்கலாம். அது மிருகத்திலிருந்து எடுப்பது. கவரில் சைவத்துக்கான பச்சைப் புள்ளி இருக்கா என்று பார்க்கச் சொல்லுங்க. ஒரு நாள் நீங்களும் சினேகிதர்களை நோன்பு திறக்கிற நேரத்துக்குக் கூப்பிடுங்க. பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், தேங்காய்ப்பால் சேர்த்த சூடான நோன்புக் கஞ்சியும் வடையும் வையுங்க. பாங்கு சொல்லும் வரை கூடவே உட்கார்ந்து காத்திருந்த பிள்ளைக்கு அடுத்த நாள் கேலி பேச மனசு வராது.

6. தவறினால் கத்தாதீங்க
"எல்லாரும் சொன்னாங்க, குடிச்சிட்டேன்" என்று வந்து நின்றால், முதலில் உண்மையைச் சொன்னதற்குப் பாராட்டுங்க. தௌபா செய்யச் சொல்லிக் கொடுங்க. மார்க்கச் சட்டத்தை ஹஜ்ரத்திடம் கேட்டுக்கலாம். நரகத்தைக் காட்டி மிரட்டினால் அடுத்த தடவை மறைக்கத்தான் கற்றுக்கும். ஆனால் மற்ற பிள்ளைகளின் கேலி முக்காட்டைப் பிடித்து இழுப்பது, வாயில் திணிப்பது வரை போனால் அது விளையாட்டு இல்லை. தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் புகார் கொடுங்க. தன் மதத்தைப் பின்பற்றும் உரிமையை அரசியல் சட்டத்தின் 25-வது பிரிவு எல்லாருக்கும் கொடுத்திருக்கு. அவசர உதவிக்குக் குழந்தைகள் ஹெல்ப்லைன் 1098 இருக்கு.

இந்த ஆறில் முதலாவதுக்குச் செலவே இல்லை. இஷாவுக்கு அப்புறம் பத்து நிமிஷம் போதும், இன்னிக்கே ஆரம்பிங்க.