பச்சைத் தண்ணீரில் பட்டினி

பத்தாங் காலி ஆறு சிலாங்கூர் ஆற்றில் கலந்து, பெஸ்தாரி ஜெயா வழியாகக் கோல சிலாங்கூரில் கடலை அடைகிறது. 2007 வரை பத்தாங் பெர்ஜுந்தை என்று நாம் அழைத்து வந்த அந்த வட்டாரத்தில், 1985-இல் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்த பிறகு கைவிடப்பட்ட ஈயக் குட்டைகள் ஏராளம். 2014-ஆம் ஆண்டு வறட்சியில் அக்குட்டை நீரை ஆற்றுக்கு இறைத்துதான் குடிநீர்த் தட்டுப்பாட்டைச் சமாளித்தார்கள். இத்தகைய குட்டைகளில் மீன் வளர்க்கும் நம்மவர்களிடம் நான் அடிக்கடி கேட்பது: "தண்ணிதான் பச்சையா இருக்கே, குஞ்சுக்குத் தீனிக்கு என்ன குறை?"

கெலி மீன் குஞ்சு பொரித்த மூன்றாம் நாள் வாக்கில், வயிற்றிலுள்ள கரு உணவு தீர்ந்து இரை தேடத் தொடங்குகிறது. அப்போது அதற்கு ஏற்ற உணவு, மலாய்க்காரர்கள் 'கூத்து ஆயர்' என்றழைக்கும் நீர்த்தெள்ளு. நம் நாட்டில் பெரும்பாலும் மோயினா இனம். ஒரு மில்லிமீட்டருக்கும் உட்பட்டது. அந்தத் தெள்ளும் எதையாவது தின்றாக வேண்டும் அல்லவா? பாசியையும் பாக்டீரியாவையும் வடிகட்டித் தின்னும் இச்சிற்றுயிருக்கு உணவு சரியில்லை என்றால், குஞ்சுக்கும் உணவில்லை.

நீர்த்தெள்ளின் உடல் கண்ணாடி போன்றது. முதுகுப் பக்கத்துப் பையில் எத்தனை முட்டை என்று எண்ணிவிடலாம். பத்தாங் காலியில் என் மாமாவின் சிமெண்டுத் தொட்டி நீரையும், அருகிலிருந்த பாசி படர்ந்த குட்டையின் நீரையும் நுண்ணோக்கியில் பார்த்தேன். கோழி எரு இட்ட தொட்டியில் தாய்க்குப் பத்துக்கு மேல் முட்டைகள். குட்டையில் இரண்டு, மூன்று. பல தாய்களிடம் ஒன்றுமே இல்லை. இத்தனைக்கும் குட்டை நீர்தான் அதிகப் பச்சை.

காரணம் பாசியின் வகை. நீலப்பச்சைப் பாசிகள் பல, கூட்டமாகவோ இழையாகவோ திரண்டு வடிகட்டும் உறுப்பில் சிக்குகின்றன. சில நச்சுத்தன்மை உடையவை. விழுங்க முடிந்தாலும், வளர்ச்சிக்கு வேண்டிய ஸ்டெரால் அவற்றில் இல்லை எனலாம். பாசியிலுள்ள ஒரு குறிப்பிட்ட கொழுப்பு அமிலத்தின் அளவே டாப்னியா எனும் பெரிய நீர்த்தெள்ளின் வளர்ச்சியை நன்கு காட்டுகிறது என்று 1995-இல் டோர்த்தே முல்லர்-நவாரா எழுதினார். பாஸ்பரசும் முக்கியம். பாசியில் ஒரு பாஸ்பரஸ் அணுவுக்குக் கார்பன் அணுக்கள் சுமார் 300-ஐத் தாண்டினால், வயிறு நிறையத் தின்றும் டாப்னியா சரியாக வளர்வதில்லை. தினமும் வெறுஞ்சோறு மட்டும் உண்ணும் பிள்ளையை எண்ணிப் பாருங்கள்.

அளவுக்கும் ஓர் எல்லைக்கோடு உண்டு. உயிர் தரிக்கவே செலவாகும் உணவுக்கு மேல் மிஞ்சுவதுதான் வளர்ச்சிக்கும் முட்டைக்கும் போகும். ஜெர்மானியர் வின்ஃப்ரீட் லாம்பெர்ட் இவ்வெல்லையை ஆராய்ந்தவர். உருவில் பெரிய இனங்களுக்கு இவ்வெல்லை தாழ்ந்தது, அதாவது அவை குறைந்த உணவிலும் தாக்குப்பிடிக்கும் என்று போலந்தின் கிளிவிச் 1990-இல் காட்டினார். அப்படியானால் நம் குட்டைகளில் பெரிய டாப்னியா அரிதாக இருப்பது ஏன்? ஆண்டு முழுவதும் மீன்கள் கண்ணில் படும் பெரியவற்றைத் தின்று தீர்ப்பது ஒரு முக்கியக் காரணம். வெப்பமண்டல நீரில் சிற்றினங்களே மிகுதி என்பதை விரிவாக எழுதியவர், இலங்கையில் பிறந்து சிங்கப்பூரிலும் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்திலும் பணியாற்றிய சி. எச். பெர்னாண்டோ.

பசித்த தாய் என்ன செய்கிறது என்பதுதான் என்னை மிகவும் வியக்க வைத்தது. உணவு குறையும்போது டாப்னியா முட்டைகளைக் குறைக்கிறது. ஆனால் ஒவ்வொன்றையும் பெரிதாக்குகிறது. பெரிய முட்டையிலிருந்து வரும் குஞ்சு கூடுதல் நாள் பட்டினி தாங்கும். நிலைமை இன்னும் மோசமாகி, நெருக்கமும் கூடினால், அதுவரை ஆணின்றிப் பெண்களையே ஈன்று வந்த கூட்டத்தில் ஆண்கள் பிறக்கின்றன. கலவிக்குப்பின் உருவாகும் முட்டைகள் குதிரைச் சேணம் போன்ற கடினமான உறைக்குள் அடைபட்டு, வறட்சியையும் தாங்கிச் சேற்றில் காத்திருக்கும். தஞ்சோங் காராங் வயல்களைப் போல, காய்ந்து கிடந்த வயலில் மீண்டும் தண்ணீர் பாய்ந்ததும் தெள்ளுகள் தோன்றுவதற்கு இதுவும் ஒரு வழி.

மீன் வளர்ப்பவர்கள் சேண உறையைக் கண்டால் தீனி தீர்ந்துவிட்டது அல்லது கூட்டம் மிகுந்துவிட்டது என்று கொள்ளலாம். தொட்டியில் மோயினா ஒரு வாரத்தில் பெருகி உச்சம் தொட்டுச் சட்டென்று சரிந்துவிடும். ஆகவே முட்டை எண்ணிக்கை குறையத் தொடங்கும்போதே ஒரு பகுதியை அள்ளிவிட வேண்டும். எருவை அள்ளிக் கொட்டுவதும் ஆபத்து. அது அழுகும்போது உயிர்வளி குறையும். அத்தகைய நீரில் தெள்ளுகள் இரத்தச் சிவப்பாக மாறுவதைச் சிலர் செழிப்பு என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது மூச்சுத்திணறலின் அடையாளம். ஈஸ்ட் மட்டும் கொடுத்தாலும் எண்ணிக்கை பெருகும். ஆனால் அந்தத் தெள்ளில் மீன் குஞ்சுக்கு வேண்டிய கொழுப்பு அமிலம் குறைவு.

நான் மேலே சொன்ன ஐரோப்பிய அளவுகளை அப்படியே நம் குட்டைக்குப் பொருத்துவது சரியாகாது. அச்சோதனைகள் பல 20 பாகை செல்சியசை ஒட்டி நடந்தவை. நம் நீர் 28, 30 பாகை. வெப்பம் கூடினால் உயிர் தரிக்கும் செலவும் கூடும், எல்லைக்கோடும் உயரும். நம் மோயினாவுக்கு எது எல்லை? இறுதியாண்டு ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடும் தம்பி தங்கைகளே, ஒரு மிதவை வலை, ஒரு நுண்ணோக்கி, வாரம் ஒருமுறை பெஸ்தாரி ஜெயாவுக்குப் பேருந்துச் செலவு. தொடங்குவதற்கு இவை போதும்.