கணக்குக்கு இன்னொரு நகல்

ஓர் ஊரில் பால் சங்கம் இருக்கிறது. 120 பேர் காலையும் மாலையும் பால் ஊற்றுகிறார்கள். அளவும் கொழுப்புச் சத்தும் கணினியில் பதிவாகின்றன. பத்து நாளுக்கு ஒரு முறை பணம் தருகிறார்கள்.

ஒரு நாளைக்கு 240 பதிவு. பத்து நாளில் 2,400 பதிவு. இவை எல்லாம் கணினிக்குள் ஒரு வட்டில் இருக்கின்றன. அதை ஹார்ட் டிஸ்க் என்பார்கள்.

அந்த வட்டு ஒரு நாள் கெட்டுப் போனால் என்ன ஆகும்? யாருக்கு எவ்வளவு பணம் தர வேண்டும்? தீவனக் கடனை யார் கட்டினார்? யார் கட்டவில்லை? சிலரிடம் சீட்டு இருக்கும். சிலரிடம் இருக்காது. ஊரில் சண்டை வரும்.

நிலப் பத்திரத்துக்கு நகல் எடுத்து வைக்கிறோம் அல்லவா? கணினிக் கணக்குக்கும் நகல் வேண்டும். இதற்குக் காப்பு நகல் என்று பெயர். 'பேக்அப்' என்றும் சொல்வார்கள்.

கணினியே நகல் எடுக்கும்

விண்டோஸ் 10, விண்டோஸ் 11 ஆகியவற்றில் 'பைல் ஹிஸ்டரி' என்று ஒரு வசதி உண்டு. முதலில் வெளியே இருந்து ஒரு வட்டைக் கணினியில் இணைக்க வேண்டும். பிறகு 'கண்ட்ரோல் பேனல்' சென்று 'பைல் ஹிஸ்டரி'யைத் திறக்க வேண்டும். அங்கே 'டர்ன் ஆன்' என்பதை அழுத்த வேண்டும்.

அழுத்தினால் மட்டும் போதாது. நான்கு கேள்விகளுக்கு விடை தெரிய வேண்டும்.

1. எதை நகல் எடுக்கிறது?

டாகுமெண்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப் போன்ற இடங்களை மட்டும் தானாக எடுக்கும். கணக்கு வேறு இடத்தில் இருந்தால் எடுக்காது. பலர் இங்கேதான் ஏமாந்து போகிறார்கள்.

இதற்கு வழி உண்டு. பெரும்பாலான கணக்கு மென்பொருள்களில் 'பேக்அப்' என்ற கட்டளை இருக்கும். தினமும் மாலைக் கணக்கு முடிந்ததும் அதை அழுத்த வேண்டும். அந்த நகலை டாகுமெண்ட்ஸ் உள்ளே வைக்கச் சொல்ல வேண்டும்.

2. எப்போது எடுக்கிறது?

நாம் ஒன்றும் மாற்றாவிட்டால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை எடுக்கும். 10 நிமிடத்துக்கு ஒரு முறை, நாளுக்கு ஒரு முறை என்றும் மாற்றலாம். 'அட்வான்ஸ்டு செட்டிங்ஸ்' என்ற இடத்தில் இதை மாற்ற வேண்டும்.

3. எவ்வளவு காலம் வைத்திருக்கிறது?

மாற்றாவிட்டால் பழைய நகலை எப்போதும் வைத்திருக்கும். நல்லதுதான். ஆனால் வட்டு நிறைந்து விடும். நிறைந்தால் புதிய நகல் சேராது. 1 மாதம் முதல் 2 ஆண்டு வரை காலம் குறிக்கலாம். ஆண்டுக் கணக்குத் தணிக்கை முடியும் வரை நகல் தேவை. எனவே 1 மாதம் போதாது.

4. நகல் எங்கே இருக்கிறது?

கணினிக்குப் பக்கத்திலேயே நகல் இருந்தால் ஆபத்து. திருடன் இரண்டையும் எடுத்துப் போவான். வெள்ளம் வந்தால் இரண்டும் நனையும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. 2017 மே மாதம் 'வானாக்ரை' என்ற தீய மென்பொருள் பல நாடுகளில் பரவியது. அது கணினியில் உள்ள கோப்புகளைப் பூட்டிவிட்டது. திறக்க 300 டாலர் கேட்டது. இத்தகைய மென்பொருள், கணினியில் இணைத்திருக்கும் வட்டையும் பூட்டிவிடும்.

அதனால் இரண்டாவது வட்டு ஒன்று வேண்டும். வாரம் ஒரு முறை டாகுமெண்ட்ஸ் முழுவதையும் அதில் நகல் எடுக்க வேண்டும். உடனே கழற்றி, வேறு ஒரு வீட்டில் பத்திரமாக வைக்க வேண்டும்.

திறந்து பார்த்தால்தான் நகல்

பூட்டி வைத்த குதிரில் நெல் இருக்கிறதா என்று திறந்து பார்த்தால்தான் தெரியும். நகலும் அப்படித்தான். மாதம் ஒரு முறை நகலில் இருந்து ஒரு கோப்பை மீட்டுப் பார்க்க வேண்டும். அது திறக்கிறதா? நேற்றைய கணக்கு அதில் இருக்கிறதா?

சங்கம் எல்லோருக்கும் சொந்தம். கணினியை இயக்கத் தெரியாதவரும் கூட்டத்தில் எழுந்து கேட்கலாம்: "ஐயா, நம் கணக்குக்கு நகல் இருக்கிறதா? கடைசியாக எப்போது திறந்து பார்த்தீர்கள்?"

இது உறுப்பினரின் உரிமை.

விடை எழுதுங்கள்

1. காப்பு நகல் என்றால் என்ன?
2. இரண்டாவது வட்டை ஏன் கழற்றி வைக்க வேண்டும்?
3. 80 பேர் நாளுக்கு இரண்டு முறை பால் ஊற்றினால், பத்து நாளில் எத்தனை பதிவு?
4. உங்கள் ஊரில் எந்தெந்தக் கணக்குகள் கணினியில் இருக்கின்றன? அவற்றுக்கு நகல் உண்டா? கேட்டு எழுதுங்கள்.