பனியன் கம்பெனி வெப்சைட்: தேடினால் கிடைக்கட்டும்

மதுரையில் கடை வைத்திருப்பவர், திருப்பூர் காதர்பேட்டைக்கு பஸ் ஏறும் முன் போனில் உங்கள் வெப்சைட்டைப் பார்க்கிறார். தேடியது கண்ணில் படாவிட்டால் அடுத்த கம்பெனிக்குப் போய்விடுவார்.

1. மெனு அமைக்கும் முன், ஒரு மாத வாட்ஸ்அப் விசாரணைகளைப் பட்டியல் போடுங்கள். அதிகம் கேட்கப்பட்டதே மேலே வர வேண்டும். நிட்டிங், டையிங், காம்பாக்டிங் என்ற யூனிட் வரிசை உங்களுக்குத்தான் முக்கியம், வாங்குபவருக்கு இல்லை.

2. ஆண்கள், பெண்கள், குழந்தைகள் என்று பிரியுங்கள். கடைக்காரர் அலமாரியையும் அப்படித்தான் அடுக்குகிறார்.

3. ஒரே சரக்கின் எல்லாப் பெயர்களையும் தேடல் பெட்டியில் சேருங்கள். 'டி-சர்ட்', 'டீ ஷர்ட்', 'டீசர்ட்' எப்படி அடித்தாலும், தமிழிலோ ஆங்கில எழுத்திலோ, ஒரே பக்கம் திறக்க வேண்டும். எழுத்துப் பிழைக்காக ஒரு ஆர்டரை இழக்கலாமா?

4. சைஸ் (80, 85, 90 செ.மீ.), துணி வகை, ஜிஎஸ்எம், குறைந்தபட்ச ஆர்டர் ஆகியவற்றால் வடிகட்ட வழி செய்யுங்கள். 180 ஜிஎஸ்எம் என்றால் சதுர மீட்டருக்கு 180 கிராம். துணியின் கனம் தெரியாமல் மொத்த வியாபாரி விலை பேச மாட்டார்.

5. 'கிடைக்கவில்லை' என்று வெறும் பக்கத்தைக் காட்டாதீர்கள். நெருக்கமான சரக்கையும் வாட்ஸ்அப் பட்டனையும் வையுங்கள். அப்படிக் கிடைக்காமல் போன தேடல்களை வாரம் ஒருமுறை படியுங்கள். அடுத்து என்ன தைக்கலாம் என்பது அதில் தெரியும்.

6. ஒரு வாடிக்கையாளரிடம் போனைக் கொடுத்து, '85 சைஸ் கை வைத்த பனியன்' எடுக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று வழி சொல்லாதீர்கள். அவர் விரல் தயங்கும் இடத்தைத்தான் முதலில் திருத்த வேண்டும்.