முட்டை அட்டையில் பல் துலக்கப் பழக்குங்கள்

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளில் ஷிஃப்டுக்குப் போகும் பெற்றோருக்குக் காலை நேரம் பறந்துவிடும். குழந்தைக்குப் பல் துலக்கக் கற்றுத்தர, விடுமுறை நாளில் இந்த மாதிரியைச் செய்யுங்கள்.

● 30 முட்டை அட்டையில் பத்துப் பத்துக் குழிகளாக இரண்டு துண்டு வெட்டிக் கவிழ்த்தால் மேல்வரிசை, கீழ்வரிசை தயார். பால் பற்களும் மொத்தம் 20தான்.

● மேடுகளின் இடுக்கில் சப்பாத்தி மாவை அப்பி, பழைய பிரஷால் எடுக்கச் சொல்லுங்கள். அட்டை ஊறிவிடும், தண்ணீர் வேண்டாம்.

● வெளிப்புறம், உட்புறம், மெல்லும் பரப்பு என்ற வரிசையைப் பழக்குங்கள். பிறகு கண்ணாடி முன் தன் பல்லில் செய்யட்டும்.

● ஃப்ளோரைடு பேஸ்ட் 3 வயது வரை அரிசி அளவு. 6 வயது வரை பட்டாணி அளவு. துப்பப் பழக்குங்கள்.

● தூக்கத்தில் உமிழ்நீர் குறையும் என்பதால் இரவுத் துலக்கல் கட்டாயம். நைட் ஷிஃப்ட் என்றால் பாட்டியிடம் பொறுப்பைக் கொடுங்கள்.

● சுமார் 6 வயதில், எந்தப் பல்லும் விழாமலே கடைசியில் முளைக்கும் கடைவாய்ப்பல் நிரந்தரப் பல். பால் பல் என்று விட்டுவிடாதீர்கள்.

● 7, 8 வயது வரை பெரியவர் ஒருமுறை துலக்கிவிடுவது அவசியம்.