தீவுக் கதையில் மூணாவது ஆள்

டார்க் ஃபேன்டஸி எழுதணும்னு ஆசை இருக்கிறவங்களுக்கு இந்தப் பாடம். களம், கரீபியன் பாணியில் ஒரு தீவு. கடலில் அந்நியக் கப்பல்கள் தெரிகின்றன. உடனே நாம என்ன செய்வோம்? தீவுக்காரர் நல்லவர், வந்தவர் கெட்டவர்னு ரெண்டா பிரிச்சுடுவோம். பத்தாவது பக்கத்துல கதை சப்புனு ஆயிடும். நிஜ வரலாறு இதைவிடச் சிக்கலானது.

1. படையெடுப்பு

குவாதலூப், மார்த்தினிக் இரண்டும் கலினாகோ மக்கள் வாழ்ந்த தீவுகள். 1493-ல் கொலம்பஸ் குவாதலூப்புக்கு வந்தார். 1635-ல் பிரெஞ்சுக்காரர்கள் இரண்டு தீவுகளிலும் குடியேறினார்கள். கலினாகோ மக்களில் பலர் கொல்லப்பட்டார்கள், மற்றவர்கள் துரத்தப்பட்டார்கள். கரும்புத் தோட்டங்களுக்கு ஆப்பிரிக்கர்களை அடிமைகளாகக் கொண்டுவந்தார்கள்.

2. பேய்

அந்தப் பக்கத்துக் கதைகளில் சுக்குயா என்றொரு கிழவி வருவாள். ராத்திரியில் தோலைக் கழற்றி வைத்துவிட்டு, நெருப்புப் பந்தாகப் பறந்து போய் ரத்தம் குடிப்பாள். நம்ம கொள்ளிவாய்ப் பிசாசுக்கு ஒண்ணுவிட்ட அக்கா மாதிரி! மனிதரை உறிஞ்சியே வாழ்ந்த தோட்டங்களுக்குப் பக்கத்தில் வைத்துப் படிச்சா, இந்தப் பேய் வெறும் பேயாகத் தெரியாது. உங்க பேயும் அந்த மண்ணின் காயத்திலிருந்து வரட்டும்.

3. மூணாவது ஆள்

1848-ல் பிரெஞ்சுத் தீவுகளில் அடிமைமுறை ஒழிந்தது. விடுதலையானவர்கள் நியாயமான கூலி கேட்டார்கள். முதலாளிகள் வேறு வழி தேடினார்கள். 1853-ல் மார்த்தினிக்குக்கும் 1854-ல் குவாதலூப்புக்கும் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் வந்து இறங்கினார்கள். புதுச்சேரி, காரைக்காலில் கப்பலேறிய தமிழர்கள் அதில் நிறையப் பேர்.

இவங்க யாரு? வந்தது ஆக்கிரமித்தவனின் கப்பலில். ஆனால் ஆக்கிரமிக்க வரவில்லை, பிழைக்க வந்தார்கள். கூலி கேட்டு நின்றவர் கண்ணுக்கோ, தன் பிழைப்பைக் கெடுக்க வந்தவர்கள். ரெண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கு. கதைக்கு உயிர் வருவது இங்கேதான்.

அவர்களோடு மாரியம்மனும் போனாள். அங்கே மல்தெவிலென் என்று கும்பிடப்படும் சாமி நம்ம மதுரை வீரன்தான் என்கிறார்கள். வீட்டில் தமிழ்ப் பேச்சு மறைந்த பிறகும் பூசைப் பாட்டில் தமிழ் தங்கிவிட்டது.

இப்போ கோச்சடை அய்யனாரை, முத்தையா சாமியை நினைச்சுப் பாருங்க. காவல் தெய்வத்தின் வேலை, வெளியிலிருந்து வரும் ஆபத்தை ஊர் எல்லையிலேயே நிறுத்துவது. ஆனால் அந்தத் தீவில் காவல் தெய்வமே வெளியாட்களோடு கப்பலில் வந்து இறங்கியது. அப்போ அது யாரை, யாரிடமிருந்து காக்கும்?

பயிற்சி: கப்பல் வந்து சேரும் இரவை ஒரு பக்கத்தில் எழுதுங்க. சொல்பவர் மூணாவது ஆளாக இருக்கட்டும். எழுதும் முன் மூன்று கேள்விகளுக்குப் பதில் வேணும்:

அவர் மூட்டையில் என்ன இருக்கு?
கப்பல்காரன், கரையில் நிற்பவன், இருவரில் யாருக்கு அதிகம் பயப்படுகிறார்?
அவருடைய சாமிக்கு அந்த மண்ணில் யார் இடம் கொடுப்பார்?

மூணாவது கேள்விக்குப் பதில் கிடைச்சுட்டா, உங்க கதை தொடங்கியாச்சு.